மொட்டைப் பெயர்

"பேருக்குப் பின்னால மரியாதைக்கு 'சான்' போடாம, மொட்டையா ஒருத்தரைக் கூப்பிட்டா என்ன அர்த்தம் டீச்சர்?"

மரிடெஸ் கேட்டதும், பலகையில் எழுதிக்கொண்டிருந்த மொச்சிசுகி டீச்சர் திரும்பினாள். யாய்சு ஊர்ப் பொதுக்கூடத்தில், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் திங்கட்கிழமைதோறும் ஜப்பான் மொழி சொல்லித் தருகிறவள் அவள். மரிடெஸின் கேள்விகள் அவளுக்குப் புதிதல்ல. "என் பேருக்கு நானே சான் போட்டுக்கலாமா?" என்று கேட்டுப் போன வாரம் வகுப்பையே சிரிக்க வைத்தவள்தான்.

"ரெண்டு அர்த்தம் உண்டும்மா. ஒண்ணு, ரொம்ப நெருக்கம். இல்லேன்னா, ஆளை மதிக்கலேன்னு அர்த்தம். யாரை யாரு கூப்பிட்டாங்க?"

"எங்க கோஹெய் சானை. அவரோட ஸ்கூல் டீச்சர்."

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். "ஒன்பது வயசுப் பொடியன் 'அவரா'க்கா?"

"நம்ம வீட்டுப் பிள்ளையைப் பத்தி வெளியாள்கிட்டப் பேசும்போது சானைக் கழட்டிடணும்மா" என்றாள் மொச்சிசுகி.

மரிடெஸ் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் பெத்த பிள்ளை இல்லையே டீச்சர்."

கோஹெயைப் பெற்றவள் போய்ச் சேர்ந்த பிறகு, பிலிப்பைன்ஸிலிருந்து இந்த வீட்டுக்கு வாழ வந்தவள் மரிடெஸ். புருஷன் ஷிகெரு சூரை மீன் பிடிக்கிற கப்பலில் வேலை பார்க்கிறான். கடலுக்குப் போனால் மாதக்கணக்கில் திரும்பமாட்டான். வீட்டில் அவளும் பையனும், மாடத்தில் அந்த அம்மாவின் படமும்தான்.

தினமும் காலையில் அந்தப் படத்துக்கு முன்னால் சோறு வைப்பாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் பிள்ளையை 'வாடா போடா' என்று சொல்ல நாக்கு எழாது. இன்னொருத்தியின் செல்வம், மரியாதை குறையக் கூடாது.

"கோஹெய் சான், எந்திரிங்க."

"கோஹெய் சான், இன்னும் கொஞ்சம் சாப்பிடுறீங்களா?"

"போதுங்க" என்பான் அவன். தட்டை அவனே கழுவி வைப்பான். ஒரு நாள் அடம் பிடித்ததில்லை. சித்தியும் பிள்ளையும் என்ன ஒற்றுமை என்று அக்கம்பக்கத்தில் மெச்சிக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடத்துக்குள் போட்டுக்கொள்கிற வெள்ளைச் செருப்பில் அவன் பெயரை அவளே எழுதினாள். புதிதாகக் கற்றுக்கொண்ட எழுத்து. ஒவ்வொரு கோடாக இழுத்து, 'கோஹெய் சான்' என்று. சாயங்காலம் பார்த்தால், 'சான்' இருந்த இடத்தை மையால் அடித்து வைத்திருந்தான். தன் கையெழுத்துதான் கோணல் போலிருக்கிறது என்று நினைத்து, ராத்திரி மறுபடி உட்கார்ந்து எழுதிப் பழகினாள்.

போன வெள்ளிக்கிழமை, பெற்றோர் வந்து பாடத்தைப் பார்க்கிற நாள். வகுப்பின் கடைசியில் மற்ற அம்மாக்களோடு அவளும் நின்றாள்.

"ஹினா சான், அடுத்த பத்தியை வாசிங்க" என்றாள் ஷிராட்டோரி டீச்சர். "டைச்சி சான், அந்த ஜன்னலைச் சாத்துங்க."

பிறகு, "கோஹெய், எந்திரிச்சு வாசி."

அம்மாக்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மரிடெஸுக்கு முகம் எரிந்தது.

மொச்சிசுகி சொன்ன இரண்டு அர்த்தத்தில் இது எது என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. வகுப்புக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, கருவாட்டு ஆலையில் மீனை அடுக்கிக்கொண்டே, சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகினாள். வேலை முடிந்ததும் நேரே பள்ளிக்கூடம்.

"வீட்டுக்காரர் கடல்ல இருக்கார். நான் வெளிநாட்டுக்காரி. கேக்க நாதியில்லேன்னுதானே எங்க பிள்ளையை மட்டும் இளப்பமா கூப்பிடுறீங்க?"

மீன் வாடை போகாத கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஷிராட்டோரி டீச்சர் எழுந்து போய், ஆசிரியர் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"உக்காருங்கம்மா. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். இப்ப வேற வழியில்ல."

"என்ன வாக்கு?"

"வகுப்பு ஆரம்பிச்ச முதல் நாள், எல்லாரும் போனப்புறம் வந்து நின்னான். 'என்னை மட்டும் சும்மா கோஹெய்னு கூப்பிடுவீங்களா டீச்சர்?'ன்னான். ஏன்டான்னு கேட்டேன். 'எங்கம்மா அப்படித்தான் கூப்பிடுவாங்க. அப்பா கப்பலேறிட்டா அப்படிக் கூப்பிட யாருமில்ல'ன்னான்."

"வீட்ல நான் இருக்கேனே..."

"நானும் அதைத்தான் கேட்டேன்."



"சொல்லுங்க" என்றாள் மரிடெஸ்.

"'அவங்க நல்லவங்கதான் டீச்சர். ஆனா விருந்தாளிகிட்டப் பேசற மாதிரியே பேசறாங்க. விருந்தாளின்னா ஒருநாள் கிளம்பித்தானே ஆகணும்? எங்க வீட்ல கிளம்பப் போறது அவங்களா, நானா?'ன்னு கேட்டான்."

மரிடெஸ் எழுந்து, குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தாள்.

பள்ளி வாசலில் கோஹெய் தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தான். அவள் வாயைத் திறந்தாள். நுனிநாக்கில் வந்து நின்ற 'சானை' விழுங்கினாள்.

"கோஹெய்! நில்லுடா!"

முகமெல்லாம் மலர்ந்து பையன் சட்டென்று திரும்பினான்.

திரும்பி, அவளைத் தாண்டி, ஆசிரியர் அறை ஜன்னலைப் பார்த்தான்.