மணி அடிக்காத வகுப்பு

ஆட்டிசம் உள்ள மகள் சுமித்ராவைச் சேர்க்கக் கேட்டு, வாசலூர்பட்டிப் பள்ளிக்கு வந்திருந்தாள் கண்ணாயி.

"ஏனுங்க டீச்சர், இங்க மணி அடிக்கறதில்லீங்களா?"

"இல்லீங்க. பச்சைத் துணியத் தூக்கிக் காட்டுவோம்." டீச்சர் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

முகம் பார்த்துப் பேச மாட்டேன் என்கிறாரே, சேர்த்துக்கொள்ள மனமில்லையோ என்று கண்ணாயிக்குப் பயம்.

"அந்த மூலையில எதுக்குங்க திரை?"

"சத்தம் தாங்கலைன்னா உள்ள போய் உக்காந்துக்கலாம்."

"எம் புள்ளையாட்டம் இங்க வேற யாருங்க இருக்காங்க?"

"நான் இருக்கேங்க. எனக்கும் ஆட்டிசம்தான். நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

கண்ணாயி ஆவலை அடக்க முடியாமல் கேட்டாள்.

"உங்களுக்குப் பேச்சு எப்பங்க வந்துச்சு? எம் புள்ள இன்னும் 'அம்மா'ன்னுகூடச் சொல்லலீங்க."

"ஆறு வயசுக்கு மேலதாங்க. அதுக்கப்புறம் வாயே மூடலைன்னு எங்கம்மா இன்னிக்கும் சலிச்சுக்குவாங்க."