ஜெனரல் ஷிஃப்ட்

"பாரு, பாரு... மாப்பிள்ளை கிளம்பியாச்சு!"

சுடலைமுத்து போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிச் சொன்னான். நைட் ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் வந்து படுத்திருந்தான். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. வாசலில் ஹரீஷ்குமார் இஸ்திரி போட்ட யூனிஃபார்மில், விசிலடித்தபடியே ஷூ மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

"ரெண்டு வாரம் முன்னாடி வேற யூனிட்ல இருந்து வந்தவன். வந்த அன்னைக்கே ஜெனரல் ஷிஃப்ட்! காலைல இட்லி, சாயங்காலம் கிரிக்கெட், ராத்திரி குறட்டை. நாம மட்டும் ஆந்தை மாதிரி முழிச்சுக் கிடக்கணும். ஏம்டே, நியாயமா இது?"

"உனக்கு வயிறு எரியுது, அதான்" என்றான் பிரேம்குமார், தக்காளி நறுக்கியபடி. அந்த ஓசூர் ரூமில் மூன்றாவது ஆள். சிங்காரப்பேட்டைக்காரன், எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டான்.

"எரியத்தான் செய்யுது! அவன் இங்க பக்கத்துப் பேரிகைக்காரன்லா? சூப்பர்வைசர்கிட்ட தெலுங்குல ரெண்டு வார்த்தை பேசுனா காரியம் முடிஞ்சிரும். திருநெல்வேலில இருந்து வந்தவன் எந்த பாஷைல போய்க் கெஞ்ச?"

"அவனையே கேட்டுப் பாக்கறதுதானே?"

"கேட்டா உடனே சொல்லிருவானாக்கும்!"

சுடலைமுத்து எழுந்தான். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, பேன்ட் பையிலிருந்த கேஸ் மாத்திரை டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து விழுங்கினான்.

"தினமும் அத முழுங்காதடா. பரோட்டாவக் கொறச்சாலே வாயு போயிடும்."

"நைட் ஷிஃப்ட்ட நிப்பாட்டச் சொல்லு, எல்லாம் போயிரும்." அவன் குரல் சட்டென்று இறங்கியது. "விளையாட்டுக்குச் சொல்லல பிரேமு. இன்னும் ஒரு மாசம் இப்படித் தூக்கம் கெட்டா என்னால முடியாது. முன்னாடி காமாலை வந்து மூணு மாசம் ஊர்ல கிடந்தேன்லா... மறுபடியும் அப்படிப் படுத்தா வேலை போயிரும். தங்கச்சி படிப்பும் அதோட போச்சு."

பிரேம்குமார் நறுக்கிய தக்காளியைச் சட்டியில் போட்டான். சுடலைமுத்து திரும்பப் படுத்தான். தூக்கம் வரவில்லை. ஹரீஷின் பாய், ஹரீஷின் தலையணை, எதைப் பார்த்தாலும் எரிந்தது. நேற்றுச் சாம்பாரில் அவன் தட்டில் மட்டும் இரண்டு முருங்கைக்காய் விழுந்ததுகூட ஞாபகம் வந்து எரிந்தது.

திங்கட்கிழமை முறை மாறி மதிய ஷிஃப்ட் வந்தது. சுடலைமுத்து சீக்கிரமே போய், சூப்பர்வைசர் திம்மராயனை மெஷின் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டான்.

"சார், எனக்கும் ஜெனரல் ஷிஃப்ட் வேணும்."

"எதுக்குப்பா?"

"நைட் ஒத்துக்கல சார்."

"யாருக்குத்தான் ஒத்துக்குது? எனக்கா? எல்லாருக்கும் குடுத்தா ராத்திரி மெஷின யார் ஓட்டறது?"

"ஹரீஷுக்கு மட்டும் குடுத்திருக்கீங்க! உங்க ஊர்ப் பக்கம்னா சலுகையோ?"

திம்மராயன் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தான், அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"அவன் யார்கிட்டயும் ஒளிக்கறதில்ல, அதனால சொல்றேன். அவனுக்கு மனநோய் டாக்டர்கிட்ட வைத்தியம் நடக்குது. தூக்கம் கெட்டா நோவு திரும்பிடும். போன வருஷம் அந்தப் பழைய யூனிட் ஷிஃப்ட் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் அவனே சொன்னான். அப்ப நானும் அந்த யூனிட்லதான் இருந்தேன். அசந்துட்டேன்ப்பா."

சுடலைமுத்து குரலைத் தாழ்த்தினான்.

"அவன் வாயாலயா? எல்லார் முன்னாடியுமா?"

"ஆமா. 'சுகருக்கு மாத்திரை போடறோம் இல்லையா, அது மாதிரிதான் சார்'ன்னான்."

"யாரும் சிரிக்கலயா?"

"ரெண்டு பேர் சிரிச்சானுங்க. மத்தவங்க சிரிக்கலன்னதும் வாய மூடிக்கிட்டானுங்க."

"லூசுன்னு சொல்லி வேலைய விட்டுத் தூக்கலயா?"

"எதுக்குத் தூக்கணும்? தங்கமா வேலை செய்யறான். ராத்திரி தூங்கவிட்டா போதும். போப்பா, மணியடிக்கப் போறான்."

விஷயம் தெரிந்தபிறகு பொறாமை அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை, முன்னைவிட மோசமாக எரிந்தது. என்ன தைரியம் அந்தப் பயலுக்கு! சொல்லியும் விட்டான், விசிலடித்துக்கொண்டு வேலைக்கும் வருகிறான்.

மணி அடித்தது. எல்லோரும் வழக்கம்போல வட்டமாக நின்றார்கள். திம்மராயன் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு, தினமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா? எல்லாரும் ஓகேவா?"

"ஓகே சார்!"

இந்தக் கம்பெனியில் காய்ச்சலில் நடுங்குகிறவன்கூட அப்படித்தான் கத்துவான். சுடலைமுத்துவும் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் கத்தியிருக்கிறான். இன்று வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கூட்டம் கலையத் தொடங்கியபோதுதான் வந்தது.

"எனக்கு ஓகே இல்ல சார்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னா அண்ணாச்சி, மறுபடியும் கேஸா?" என்று பின்னால் யாரோ சிரித்தான்.

சுடலைமுத்து பையிலிருந்து டப்பாவை எடுத்தான். அதைத் திறந்து, மாத்திரைகளைத் திம்மராயனின் உள்ளங்கையில் கொட்டினான்.

"கேஸும் இல்ல சார், அன்னைக்கு ஊர்ல படுத்தது காமாலையும் இல்ல. ஹரீஷுக்கு வந்ததுதான் எனக்கும். ரெண்டு வருஷமா அதுக்கான மாத்திரையத்தான் இந்த டப்பால ஒளிச்சு வச்சுத் தின்னுட்டு இருக்கேன்."