பெரிய டாக்டரின் குரல்

"அன்னிக்கு ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், ஒழுகுற தகரக் கூரை. இன்னிக்கு அஞ்சு மாடி. புரிஞ்சுதா?"

குழந்தைகள் ஆஸ்பத்திரியின் வெள்ளி விழா. பெரிய டாக்டர் அருள்நாதனின் கரகரத்த குரல் ஒரகடம் ரோடு வரைக்கும் மைக்கில் கேட்டது.

"கம்பெனிங்க வந்துச்சு. கூடவே குழந்தைங்க வந்தாங்க. கட்டடம் வளர்ந்துச்சு, மனசு மாறலை. இந்தக் கேட்டைத் தாண்டி வர்ற ஒவ்வொரு குழந்தையும், ஹூம்... என் பேரப்பிள்ளை. புரிஞ்சுதா?"

கைதட்டல். நாதஸ்வரம். வரிசையாகப் பொன்னாடை.

அந்த இரைச்சலில்தான் ஷேர் ஆட்டோவிலிருந்து குதித்தாள் இசக்கிசெல்வி. தோளில் இரண்டு வயது மகன். மூச்சுக்கு மூச்சு நெஞ்சுக்குழி உள்ளே போனது. உதடு நாவல்பழ நிறம். புருஷனுக்குச் சொல்லலாமென்றால் அவன் ஷிஃப்டில், போன் லாக்கரில்.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு மூச்சு முட்டுது! வழி விடுங்க!"

செக்யூரிட்டி ஜாக்சன் குறுக்கே கை நீட்டினான்.

"நில்லு யக்கா. எமர்ஜென்சி மூணாவது மாடி. லிஃப்ட்டை விஐபிக்குன்னு மேலயே நிறுத்தி வெச்சிகீறாங்க. படி பூரா நாற்காலி. நீ ஏறுறதுக்குள்ள..."

வாக்கி டாக்கியை எடுத்தான். "சிஸ்டர், கேட்டாண்ட ஒரு கொயந்தை மூச்சு இழுக்குது. சீக்கிரம் வாங்க!"

எமர்ஜென்சியிலிருந்து ஷாலின் சிஸ்டரின் குரல் சலிப்போடு வந்தது. "விழா நேரத்துல இன்னாப்பா நீ... டாக்டர் சாப்பிடறாரு. டோக்கன் போட்டு உக்காரச் சொல்லு."

மறுபடி கூப்பிட்டான். பதிலே இல்லை.

மகனின் தலை தொங்கியது. அழுகையும் நின்றுபோனது.

அப்போதுதானா ஜாக்சன் அந்தக் காரியத்தைச் செய்ய வேண்டும்? வாக்கி டாக்கியை வாயருகே வைத்துத் தொண்டையைச் செருமினான். நெஞ்சை நிமிர்த்தினான். அச்சு அசல் பெரிய டாக்டர்!

"ஹூம்... அருள்நாதன் பேசறேன். என் பேரப்பிள்ளை கேட்ல மூச்சுவிட முடியாம கெடக்கான். அங்க என்ன பண்ணிட்டிருக்கீங்க? புரிஞ்சுதா?"

"பாவிப்பயலே! எம்புள்ள சாகக் கெடக்கான், ஒனக்கு மிமிக்ரி கேக்குதோ?"

அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

பிடி தளர்வதற்குள் லிஃப்ட் இறங்கிவிட்டது. ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன், வாயைத் துடைத்தபடி டூட்டி டாக்டர், ஒற்றைச் செருப்போடு ஷாலின் சிஸ்டர்.

மாஸ்க்கை வைத்தார்கள். ஊசி ஏறியது.

திடீரென்று பிள்ளை வீறிட்டான். இசக்கிசெல்வி தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

சலசலப்பு கேட்டு மேடையிலிருந்து பொன்னாடையோடு இறங்கி வந்தார் பெரிய டாக்டர். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்தது.

"எவன்டா என் குரல்ல பேசினது?"

சிஸ்டர் கை காட்டினாள். "இவன்தான் சார். உங்க பேரன்னு வேற பொய் சொன்னான்."

"வேலையை விட்டே தூக்கிடுவேன்! என் பேரன்னு உனக்கு எவன் சொன்னான்?"

ஜாக்சன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பயத்தில் சொந்தக் குரல் வரவில்லை. வந்தது அந்தக் கரகரப்புதான்.

"இந்தக் கேட்டைத் தாண்டி வர்ற ஒவ்வொரு குழந்தையும், ஹூம்... என் பேரப்பிள்ளை. புரிஞ்சுதா?"