மாஸ்டர் லியாவ் பின்வைத்த அடி

மாஸ்டர் லியாவின் வலது கால் ஓரடி பின்னால் போனது.

நஞ்சுண்டனால் நம்ப முடியவில்லை. நீட்டிய கைகளை மடக்கத் தோன்றாமல், கலிபோர்னியாவின் மில்பிடாஸ் ஊர்ப் பூங்காவில், ஈரப் புல்லில் அந்தக் கால் விட்டுப்போன தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தாய்ச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையின் இந்தப் பயிற்சியில் அடி உதை கிடையாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டவைத்து மெல்லச் சுழற்ற வேண்டும். கண்ணுக்கு வேலையில்லை, தோல்தான் கவனிக்கும். எதிரில் நிற்பவரின் எடை எந்தக் காலில் இருக்கிறது, எந்தப் பக்கம் சாயப் பார்க்கிறது என்பதெல்லாம் மணிக்கட்டு வழியாகவே தெரிந்துவிடும். எடை முழுவதும் ஒரு காலில் இறங்கும் நொடியில் லேசாகத் தள்ளினால் போதும். பாதம் பெயர்ந்தவர் தோற்றவர்.

மாஸ்டரிடம் மட்டும் அது பலிக்காது. தள்ளுகிற இடத்தில் அவர் இருக்கவே மாட்டார். கொடியில் காயும் வேட்டியைத் தள்ளியதுபோல கை உள்ளே போகும்; தள்ளியவன்தான் தலைகுப்புற விழுவான்.

நாலு வருஷமாக நஞ்சுண்டன் விழுந்துகொண்டிருந்தான். மாஸ்டர் ஒருநாளும் கைகொடுத்துத் தூக்கியதில்லை. தைவானிலிருந்து வந்து, வாரமெல்லாம் ஒரு லாண்டரியில் இஸ்திரி போட்டு, ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்றே வைத்திருந்த மனிதர் அவர்.

அவரை ஒரே ஒரு அடி நகர்த்திவிட வேண்டும். நஞ்சுண்டனுக்கு வேறு ஆசை இல்லை. ஆனால் இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பதோ ஸ்டார்ட்அப் கம்பெனி, ஞாயிறும் வேலை. இனிமேல் வர முடியாது என்று இன்று வந்ததுமே சொல்லிவிட்டான். மாஸ்டர் ஏன் என்று கேட்கவில்லை. தலையசைத்துவிட்டு மணிக்கட்டை நீட்டினார்.

இப்போது இந்த அடி.

வேலையாவது மண்ணாவது என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை வர மாட்டேன் என்று நாளைக்கே மேனேஜரிடம் சொல்லிவிடலாம். வேறு கம்பெனியா இல்லை?

அவனுக்கு முன்பே இங்கே சேர்ந்த தாமரைச்செல்வி மரத்தடியில் நின்றிருந்தாள். அவளிடம் ஓடினான்.

"பாத்தீங்களா? இனிமே என்னைப் புல்லுக்கட்டுன்னு கூப்பிடக் கூடாது!"

அவள் சிரிக்கவில்லை.

"ஏனுங்க, க்ளாஸை ஸ்டாப் பண்றேன்னு அவருகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஸ்டூடண்ட்கிட்ட அவரு ஒருநாளும் விட்டுக்கொடுக்க மாட்டாருங்க. வீட்டுக்கு வர்ற கெஸ்ட்கிட்டதான் தோத்துக் குடுப்பாரு. அது அவரு வழக்கம்."

நஞ்சுண்டன் அதற்குமேல் கேட்காமல் திரும்பி ஓடினான். மூச்சு வாங்க, அடுத்த வாரமும் வருகிறேன், எல்லா வாரமும் வருகிறேன் என்று மாஸ்டரிடம் ஆங்கிலத்தில் கொட்டினான்.

ஐந்து நிமிடம் தாமதமாக வந்தாலே முகம் கொடுத்துப் பேசாத மாஸ்டர், பிளாஸ்க்கைத் திறந்து தன் கையாலேயே தேநீர் ஊற்றினார். கோப்பையை இரண்டு கைகளாலும் ஏந்தி, லேசாகக் குனிந்து அவனிடம் நீட்டினார்.

அவர் முகம் அவ்வளவு கனிவாக இருந்து நஞ்சுண்டன் பார்த்ததில்லை.

"வாங்க, வாங்க" என்றார். "உங்களுக்கு எப்போது சௌகரியமோ அப்போது வாங்க."