பெற்றோர் நாள்

வடக்கே தளேகாவ் என்ற ஊரில் நடந்த கோடை முகாமில் நாற்பது பிள்ளைகள். அவர்களில் தமிழ் பேசுகிறவள் ஜான்சி ஒருத்திதான். அதனாலேயே பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் தமிழ்ப் பெண் ப்ரியம்வதாவுக்கு அவள்மேல் தனிப் பிரியம்.

அந்த ஒன்பது வயதுப் பிள்ளை சிரித்து யாரும் பார்த்ததில்லை. போட்டோ எடுத்தால் முகத்தை மூடிக்கொள்வாள். தூக்கத்தில் "அப்பா, அப்பா" என்று அழுவாள்.

"அப்பா ஞாபகமாம்மா?" என்று கேட்டாள் ப்ரியம்வதா. ஜான்சி போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

விண்ணப்பத்தில் அப்பாவின் பெயர் இருந்தது, போன் நம்பர் இல்லை. ப்ரியம்வதாவுக்கு மனசு கேட்கவில்லை. பேஸ்புக்கில் தேடி ஆண்டனியைப் பிடித்துவிட்டாள். போனில் அவர் குரல் தழுதழுத்தது.

"புள்ள மொகத்தப் பாத்து ரெண்டு வருசமாச்சும்மா."

"நாளைக்குப் பேரன்ட்ஸ் டே சார், வாங்க. பதினொரு மணிக்கு ஜான்சி அம்மாவும் வராங்க."



"அவளும் வராளா? ரொம்ப நல்லதும்மா. நான் வரது ரெண்டு பேருக்கும் தெரிய வேணாம். சர்ப்ரைஸா இருக்கட்டும்."

மறுநாள் ஜான்சியின் அம்மா ஜோசபின் வந்து மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்ட சற்று நேரத்தில் ஆண்டனியும் வந்தார். உள்ளே நுழைந்ததும் கேட்டைச் சாத்தித் தாழ் போட்டார். பிறகு ப்ரியம்வதாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஜான்சி, யாரு வந்திருக்காங்க பாரு!" என்றாள் அவள் பெருமையோடு.

ஜோசபின் திரும்பிப் பார்த்தாள். சட்டென்று எழுந்து மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

ஜான்சி ப்ரியம்வதாவின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"அக்கா, நாங்க ஊரு மாத்தி ஒளிஞ்சிருந்தோம். இங்க இருக்கோம்னு அப்பாவுக்கு யாருக்கா சொன்னது?"