சுத்த ரத்தம்

மூன்றாவது புள்ளி சிவந்தபோது ரஞ்சனி திரையைத் துணியால் துடைத்தாள். அழுக்காக இருக்கும் என்று நினைத்தாள்.

சிவப்பு அப்படியே இருந்தது.

வல்லம் வடகாலில் அந்தத் தொழிற்சாலையில் செய்வது நகத்தளவு சிப். அதன் மேல் வரிசையாகத் தங்கப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வைரஸின் டி.என்.ஏ.வோடு ஜோடி சேரும் இழையை ஒட்டிவைத்திருப்பார்கள். நோயாளியின் ரத்தத்தில் அந்த வைரஸ் இருந்தால் இழை அதைப் பிடித்துக்கொள்ளும், கரண்ட் மாறும், திரையில் அந்தப் புள்ளி சிவக்கும். இல்லாவிட்டால் பச்சை. அவ்வளவுதான் சங்கதி.

லாட்டுக்கு, அதாவது ஒரு தடவை செய்து இறக்கும் தொகுதிக்கு, சில சிப்புகளை எடுத்து, நோயில்லாத ரத்தத்தை விட்டுப் பார்க்க வேண்டும். எல்லாப் புள்ளியும் பச்சையாக வந்தால்தான் லாட் வெளியே போகும்.

அதற்கென்று குப்பியில் அடைத்த ரத்தம் வெளிநாட்டிலிருந்து வரும். என்றைக்கு அது நேரத்துக்கு வந்திருக்கிறது? அதனால் டெஸ்டிங்கில் இருந்தவர்கள் தங்களுக்குள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார்கள். குப்பி வராத நாளில் லைனில் வேலை பார்க்கும் மாரிராஜைக் கூப்பிடுவார்கள். அவன் விரலை நீட்டுவான். புது ஊசியால் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், வேலை முடிந்தது.

அவன் ரத்தம் எப்போதும் பச்சைதான். லைன் முழுக்க அவனுக்குச் ‘சுத்த ரத்தம்’ என்றே பெயர். சங்கரன்கோவில் பக்கத்துப் பையனுக்கு அதில் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

இந்த வகை சிப் தீபாவளிக்கு அப்புறம் இப்போதுதான் மறுபடி வந்திருக்கிறது. குப்பி இன்றைக்கும் வரவில்லை, விட்டது மாரிராஜின் ரத்தம்தான். வந்ததும் சிவந்து நிற்கிறது.

ரஞ்சனி இன்னொரு சிப்பைப் போட்டாள். சிவப்பு. மற்றொன்று. அதுவும் சிவப்பு.

மூன்றாவது புள்ளி ஹெபடைட்டிஸ் பி. ஈரலைத் தின்கிற வைரஸ்.

மாரிராஜ் விரலில் பஞ்சை அழுத்தியபடி நின்றான். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன, அவற்றைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

“நான் நல்லாத்தான இருக்கேன்,” என்றான், யாரிடம் என்றில்லாமல்.

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் மெல்ல ஓரடி தள்ளிப் போனார்கள். அவன் அதைப் பார்த்துவிட்டான்.

சூப்பர்வைசர் கோதண்டம் விழுந்தடித்துக்கொண்டு வந்தார். ரஞ்சனிக்கு ஒருவகையில் மாமா முறை. அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டவர். பெண்ணை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் அப்பா கன்னியப்பனிடம் சொன்னவர். சொன்னபடியே, அவள் யாரோடு சாப்பிடுகிறாள், எந்த பஸ்ஸில் போகிறாள் என்றுகூட விடாமல் பார்த்துக்கொண்டிருப்பவர்.

சிப் கெட்டதா, பையனுக்கு நோயா? இரண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டும். சிப் கெட்டிருந்தால் பழி இழை ஒட்டுகிற செக்‌ஷனுக்குப் போகும், லாட் குப்பைக்குப் போகும். சிப் சரியென்றால், ஆள் ரத்தத்தை வைத்து ஒப்பேற்றிய கதையெல்லாம் வெளியே வந்து கோதண்டத்தின் வேலைக்கே உலை வைக்கும். மாரிராஜின் கதி என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

“ரஞ்சனி, நீ ஒரு சொட்டு குடும்மா,” என்றார் கோதண்டம். “உனுக்கு பச்ச வந்தா சிப்பு நல்லாகீது, இவனுக்குத்தான் நோவு. உனுக்கும் செவப்பு வந்தா சிப்பு டுபாக்கூர்.”

“பக்கத்து மெஷின்ல பாண்டிச்செல்வி இருக்கா, அவகிட்ட எடுங்க சார்.”

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“ஊசிக்கு பயப்புட்ற வயசா இது? கைய நீட்டு.”

நீட்டினாள். விரல் சில்லிட்டுப் போயிருந்தது. குத்திய பிறகும் ரத்தம் வரவில்லை. கோதண்டம்தான் பிதுக்கி எடுத்தார்.

சிப் மெஷினுக்குள் போனது. சிவப்பு வர வேண்டும், மாரிராஜ் பிழைத்துப் போக வேண்டும் என்று பையன்கள் எல்லாம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் ரஞ்சனி கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் புள்ளி பச்சை. இரண்டாவதும் பச்சை.

மூன்றாவது சிவந்தது.

எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. யாரோ கைதட்டினார்கள். தள்ளி நின்ற இருவரும் வந்து மாரிராஜின் முதுகில் ஓங்கித் தட்டினார்கள். பாண்டிச்செல்விக்கு அழுகையே வந்துவிட்டது, பாவம்.

கோதண்டம் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். “இவன் எங்கியோ சங்கரன்கோயிலு. இவ நம்ம வல்லம். ரெண்டு பேருக்கும் ஒரே நோவு எப்டி வரும்? சிப்புதான் டுபாக்கூர். மொத்தத்தையும் தூக்கிக் கடாசு.”

நியாயமான பேச்சுதான்.

மாரிராஜ் மட்டும் அசையாமல் நின்றான். ரஞ்சனி இப்போது அவனை நேராகப் பார்த்தாள். அவனும் பார்த்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வகுப்பெடுத்துச் சொல்லியிருந்தார்கள்: இந்த வைரஸ் ரத்தத்தால் பரவும், புருஷன் பெண்டாட்டிக்குள்ளும் பரவும்.

தட்டுத் தட்டாகச் சிப்புகளைக் குப்பை வண்டியில் கொட்டத் தொடங்கினார்கள். அத்தனையும் நல்ல சிப். அதைச் சொல்ல வேண்டுமானால், போன தை மாதம் திருப்போரூர் கோயிலில் அவளும் மாரிராஜும் யாருக்கும் தெரியாமல் மாலை மாற்றிக்கொண்டதைக் கோதண்டம் மாமாவிடம் முதலில் சொல்லியாக வேண்டும்.