வலது கண்ணுக்குக் கீழே

"நேத்து இடது கண்ணு, இன்னைக்கு வலது கண்ணா? காயம் என்ன, ஒரே ராத்திரியில குடி மாறிப் போகுமா?"

டைரக்டர் போட்ட சத்தத்தில் லைட்டைத் தூக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட அப்படியே நின்றுவிட்டார்கள். மேக்கப் அக்கா அவசரமாகப் போனை எடுத்துப் பார்த்தாள். நேற்று போனில் எடுத்து வைத்த போட்டோவில் ஹீரோயினுக்கு இடது கண்ணுக்குக் கீழேதான் காயம். இன்றைக்கோ வலது கண்ணுக்குக் கீழே, ஊதா பூத்து, லேசாக வீங்கி, அத்தனை அச்சு அசலாக இருந்தது.

படம், பெண்டாட்டியை அடிக்கிறவன்களைத் தேடிப் பிடித்துக் கையை முறிக்கிற ஒருத்தனின் கதை. அடிபட்ட முகத்தோடு ஹீரோவிடம் அவள் நியாயம் கேட்டு வரும் காட்சியில் பாதியை நேற்றே எடுத்தாகிவிட்டது.

"போன வாரமே சொன்னேன்ல? இன்னொரு தப்பு நடந்தா பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டே இருக்க வேண்டியதுதான்!"

உண்மையில் அந்தக் காயத்தை அக்கா போடவே இல்லை. பஸ் நடுவழியில் மக்கர் பண்ணி அவள் வந்து சேர்வதற்குள், ஹீரோயின் காயத்தோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். ஹீரோவின் சொந்த மேக்கப்மேன்தான் போட்டிருப்பான், பாவி, போட்டோவைக்கூடப் பார்க்காமல் போட்டுத் தொலைத்திருக்கிறான் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். லேட்டாக வந்ததைச் சொன்னால் அதற்கும் சேர்த்து வேலை போகும். வீட்டில் படுத்த படுக்கையாகக் கணவன், காலேஜில் மகள். வாயை மூடிக்கொண்டாள்.

"அண்ணே, விடுங்கண்ணே." ஹீரோ எழுந்து வந்தார். நிஜத்திலும் ஹீரோயினின் கணவர் அவர்தான். செட்டில் யாரிடமும் முகம் சுளித்துப் பேசாத மனுஷன். "அஞ்சு நிமிஷம் குடுங்க, அழிச்சுட்டுச் சரியாப் போட்டுருவாங்க. வேலையை விட்டெல்லாம் அனுப்ப வேண்டாம், நான் சொல்றேன்."

டைரக்டர் முனகிக்கொண்டே நகர்ந்தார். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கூடப் பிறந்த தம்பிகூட இப்படிப் பரிந்து பேச மாட்டான் என்று நினைத்தாள்.

பஞ்சை நனைத்துக் காயத்தைத் துடைத்தாள்.

"மெதுவாக்கா..." என்றாள் ஹீரோயின், பல்லைக் கடித்துக்கொண்டு.

பஞ்சு வெள்ளையாகவே வந்தது. "என்னத்தைப் பூசித் தொலைச்சான்னு தெரியலையே, கொஞ்சம்கூட வர மாட்டேங்குது" என்று அக்கா இன்னும் அழுத்தித் தேய்த்தாள். ஹீரோயின் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஹீரோ பின்னால் வந்து மனைவியின் தோளில் கை வைத்தார். குனிந்து, அக்காவுக்கு மட்டும் கேட்கிற குரலில், சிரித்த முகமாகவே பேசினார்.

"அது அழியாதுக்கா. மேல பூசி மறைச்சுட்டு, இடது பக்கம் புதுசாப் போட்டுருங்க."

அக்காவின் கை அந்தரத்தில் நின்றது.

"உங்க மேல தப்பே இல்ல. ராத்திரி கோவத்துல நான்தான் பக்கம் பாக்காம அடிச்சுட்டேன்."